சாம்பல் நக்க வந்த மரை

கோவாப் பாத்தியின் நடுவில் ஒரு மரை நின்றது.

பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. ஓடையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருகிறேன். கை கிழிய நான் அடைத்திருந்த முள்வேலியை அது எந்த வழியாகத் தாண்டியது என்று தெரியவில்லை. பெட்டை மரை. முழங்கால் வரைக்கும் கரி. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. இவன் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று முடிவு கட்டியதுபோல் மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டது.

வந்த ஆத்திரத்தில் ஒரு வாளியைத் தூக்கி வீசினேன். அந்த ஏற்றத்தில் தண்ணீர் சுமந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். தண்ணீர் என் காலிலேயே கொட்டியது. வாளி போய், தலை கட்டிவந்த ஒரு முட்டைக்கோவாவின்மேல் விழுந்து அதைப் பிளந்தது. மரை நாலு எட்டு நகர்ந்து அடுத்த பாத்தியில் நின்றது. அவ்வளவுதான்.

கீழே தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற நேரம். அந்த வரிசையிலிருந்து நான் வெளியே வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 'திரும்பி வந்து வரிசையில நின்னுடுடா மாயாண்டி' என்று அந்தத் தப்பே என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

இரண்டு வாசகர்கள்

இந்த மரைக் கதையை இந்த வாரப் பத்திரிகைக்கு எழுத எனக்கு எண்ணமே இல்லை. எழுத வைத்தவர்கள் இரண்டு வாசகர்கள். பத்தனைக்குத் தீ வைப்பதைப் பற்றிப் போன வாரம் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேனாம். பண்டாரவளைக்காரர் ஒருவர், 'தீ வைத்து வைத்தே ஊவாவில் மரை இல்லாமல் போயிற்று, அந்தக் காலத்துத் தொரைமாரே அப்படித்தான் சொன்னார்கள்' என்கிறார். வெலிமடைக்காரர் ஒருவர், 'தீ வைப்பதைத் தடுத்தபிறகுதான் மரை போயிற்று, உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாதாம்! நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே மீசை முளைத்த பிறகுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குப் பதுளைக் கடைத்தெருவில் நிற்கிற காய்கறிக் கடைகளில் பெரியது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ரயில் பதுளைக்கு வருமுன்னே பண்டாரவளை ஸ்டேஷனுக்குச் சொந்த மாட்டுவண்டியில் கோவா ஏற்றி அனுப்பியவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கோவாவைத் தின்ற மரையை நேருக்கு நேர் பார்த்தவன் நான். இவர்கள் பார்த்தார்களா?

பத்தனை என்றால் என்னவென்று கேட்கிற கொழும்புப் பக்கத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மலைகளில் பாதி காடு, பாதி புல். இடுப்பு உயர மானாப்புல் மலை முழுக்க நிற்கும். நடுநடுவே நெல்லி மரம். அந்தப் புல்மலைதான் பத்தனை. ஆடி மாதக் காற்றில் அது காய்ந்து உமியாகிவிடும். கிராமத்து ஆட்கள் ஆவணியில் தீ வைப்பார்கள். புரட்டாசியில் இடிமழை நாலு தடவை பெய்தால் கரிக்குள்ளிருந்து பச்சைத் தளிர் வரும். எருமை தின்னும், மரையும் தின்னும்.

பேரிலும் ஒரு சண்டை உண்டு. பதுளை முஸ்லிம் நானாமார் மரை என்பார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கடமான் என்பார்கள். சிங்களவர்களுக்கு அது கோனா. தொரைக்கு எல்க். நாலு பேரையும் சொல்லிக் கத்திப் பார்த்துவிட்டேன். எதற்கும் அது திரும்பவில்லை.

அப்புஹாமியின் நெருப்பு

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டம். பேர் வேண்டாம், அந்தத் தொரையின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கேதான் நான் மம்பட்டி பிடித்தேன். தோட்ட எல்லைக்கு அப்பால், ஓடைக்கு மேலே அப்புஹாமி என்கிற எருமைக்காரருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. விளைவதில் பாதி அவருக்கு, பாதி எனக்கு என்று பேசி, அதில் கோவாவும் லீக்ஸும் போட்டேன். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு விருந்தாளிகள் வருவார்கள், பங்களாவுக்கு வேண்டிய காய்கறி முழுக்க நான் தருகிறேன் என்று தொரையிடமே நேரில் போய்ச் சொன்னேன். என் நிலையில் இருந்த வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

தொரை சிரித்தார். "சரி, கொண்டு வா. கொண்டு வராட்டி மறுபடி பெரட்டுக்கு வா" என்றார்.

பெரிய கங்காணி வேலுசாமிக்கு அது போதும். வழியில் பார்க்கிற நேரமெல்லாம், "என்னடா, கோவாத் தொரை! ஒன் பேரை நான் இன்னும் வெட்டச் சொல்லல. செக்ரோல்ல அப்படியே கிடக்கு. மார்கழிக்கு நீ வந்து நிக்கப் போற, எதுக்கு வீணா வெட்டி வீணா பதியணும்?" என்பார்.

என் சம்சாரம் செல்லாயி கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பேர் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் இருந்ததால்தான் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, எங்களுக்கு இருந்தது. அவள் கொண்டுவந்த அரிசியைத் தின்றுதான் நான் கோவா வளர்த்தேன். நத்தாருக்குக் காய் கொடுக்க முடியாமல் போனால் நானும் அவள் பக்கத்தில் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அதுவும் வேலுசாமி கங்காணியின் பல்லைப் பார்த்துக்கொண்டு!

ஆவணியில் அப்புஹாமி வழக்கம்போல் தீ வைத்தார். தீ வழக்கம்போல் நிற்கவில்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு முகட்டைத் தாண்டிப் போய், பள்ளத்துக் காட்டின் ஓரத்தையும் நக்கியது. தீக்கு முன்னால் காடைகள் கொத்தாக எழும்பின. முயல்கள் என் காலுக்கிடையில் ஓடின. கரிக்குருவிகள் மட்டும் தீயின் வாய்க்கே போய், தப்பிப் பறக்கிற வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்றன. பத்தனை ஆறியபிறகு போய்ப் பார்த்தால், கறுத்த தரையில் செத்த நத்தை ஓடுகள், பொரி இறைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

"என்ன அப்புஹாமி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"பொட்டக் இன்ன, மாயாண்டி. கொஞ்சம் பொறு. மழை வரும், புல் வரும், கோனா வரும். எல்லாம் வரும்" என்றார்.

மழை வரவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசி வந்தது. பிற்பகலானால் இடி மட்டும் இடிக்கும். நமுனுகுலை மலைமேல் மேகம் கூடும், பார்க்க அழகாக இருக்கும், அப்படியே கலைந்து போகும். அடிக்கட்டையிலிருந்து எட்டிப் பார்த்த தளிரும் காய்ந்து ஊசியாகிவிட்டது. மலை முழுக்க எங்கு பார்த்தாலும் கறுப்பு. கண்ணுக்கு எட்டியவரை பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்று. என் கோவா.

என் மச்சினனின் விவசாயம்

முதலில் முயல் வந்தது. பிறகு முள்ளம்பன்றி. ஐப்பசி நடுவில் மரை வர ஆரம்பித்தது. காலையில் வரும், அந்தியில் வரும். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, பிறகு குட்டியோடும் வந்தது.

நான் செய்யாதது இல்லை. முள் வெட்டி வேலி அடைத்தேன். தகரம் கட்டி அடித்தேன். தொரையின் பழைய தொப்பியைப் பங்களாச் சமையல்காரர் அப்புவிடம் கெஞ்சி வாங்கிப் பொம்மைக்கு மாட்டினேன். மரை அந்தப் பொம்மைமேல் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று.

விஷயம் தொரை காதுக்குப் போய், உதவி செய்கிறேன் என்று வேட்டை நாய்களோடு வந்தார். ஐயோ, அந்த உதவி! மரை ஒரே தாவலில் ஓடைக்குள் போய்விட்டது. நாய்கள் மட்டும் என் லீக்ஸ் பாத்திக்குள் ஒரு தேர்த்திருவிழாவே நடத்தின. மரை ஒரு மாதம் தின்றிருந்தாலும் அவ்வளவு சேதம் வந்திருக்காது. தொரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "நல்ல ஓட்டம்" என்றார். நாயைச் சொன்னாரா மரையைச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலே என் மச்சினன் சின்னசாமி. செல்லாயியின் தம்பி. முசிறியிலிருந்து புதிதாக வந்திருந்தான். காவேரித் தண்ணீர் குடித்தவனாம், விவசாயத்தை அவனிடம்தான் கேட்கவேண்டுமாம். தீ எரிந்த மறுநாளே அவன் ஒரு வேலை செய்தான். பள்ளத்துக் காட்டோரத்தில் மரம் எரிந்து சாம்பல் மலையாகக் கிடந்தது. அதைச் சாக்குச் சாக்காகச் சுமந்துவந்து, என் பாத்தி முழுக்க இறைத்துவிட்டான்.

"எங்க ஊருல சாம்பல் போடாம ஒரு செடி வைக்க மாட்டோம், மச்சான். புழு அண்டாது. எருவுக்கு எருவும் ஆச்சு" என்றான்.

அது பொய் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாருமே போடுவார்கள். நானும் சும்மா கிடக்கிற சாம்பல்தானே என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மரை வந்தபோது அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சாம்பல் பத்தல மச்சான், அதான் செடி வாசம் தூக்குது" என்று இன்னும் நாலு சாக்கு கொண்டுவந்து கொட்டினான்!

கோப்பி எலி

இங்கே என் அப்பா காலத்துக் கதை ஒன்று. தேயிலைக்கு முன்னால் மலையெல்லாம் கோப்பி. மேல்காட்டில் நெலு என்று ஒரு செடி உண்டு. வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, காடு முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும், விதைக்கும், பிறகு கூட்டமாகச் செத்துப்போகும். விதை கிடக்கிறவரை காட்டெலி தின்று தின்று பெருகும். விதை தீர்ந்ததும் அத்தனை எலியும் கீழே இறங்கிக் கோப்பிக் கிளையைக் கத்தரித்துத் தள்ளும்.

தொரைமார் எலிக்குச் சாபம் போட்டார்கள். எங்கள் ஆட்கள் எலியைப் பிடித்துத் தேங்காயெண்ணெயில் வறுத்துத் தின்றார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆட்டுக்கறியைவிட நன்றாக இருக்குமாம், அப்பா சொல்வார். ஒரு பருவத்தில் எலி அப்படியே காணாமல் போய்விட்டது. தொரை, 'நான் வைத்த விஷத்தில் செத்தது' என்றார். கங்காணி, 'நான் சாமிக்கு வெட்டிய கிடாயால் போனது' என்றார். மேல்காட்டில் எலிக்கு வேறு தீனி கிடைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மிருகம் கண்ணில் பட்டால் பெருகிவிட்டது என்பார்கள். கண்ணில் படாவிட்டால் அழிந்துவிட்டது என்பார்கள். எங்கே போயிற்று என்று கேட்கிறவன் இல்லை.

செல்லாயி கண்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து இல்லாத நாள். செல்லாயி என்னோடு மேலே வந்தாள். முன்னே சொன்னேனே, அந்தப் பெட்டை மரை, அன்றைக்கும் பாத்தியில் நின்றது. நான் கல்லை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இருய்யா. அது தின்னலயே."

"தின்னாம? மூஞ்சியைக் கழுவுதா?"

"நல்லாப் பாரு. கோவாவுக்குப் பக்கத்துல மண்ணை நக்குது. நக்கி முடிச்சிட்டுத்தான் வாய்க்கு எட்டுனதைக் கடிக்குது."

பார்த்தேன். நாக்கு நீளமாக வந்து வந்து போயிற்று. மாடு கன்றை நக்குவதுபோல் அது என் பாத்தியை நக்கிக்கொண்டிருந்தது.

செல்லாயி போய், மச்சினன் மிச்சம் வைத்திருந்த சாக்கிலிருந்து கொஞ்சம் சாம்பலை அள்ளி வேலிக்கு வெளியே ஒரு பாறைமேல் கொட்டினாள். நாங்கள் கூரை போன காவல்குடிசை மறைவில் உட்கார்ந்தோம். அந்தியில் மரை வந்தது. நேரே அந்தப் பாறைக்குப் போயிற்று. துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டுத்தான் வேலிப் பக்கம் திரும்பியது.

"ஒன் தம்பி விவசாயம்!" என்று நான் கத்தினேன்.

"எந் தம்பியை எதுக்கு இழுக்குற? மழை பேஞ்சிருந்தா சாம்பல் மண்ணுக்குள்ள போயிருக்கும். மழை இல்ல, நீ ஊத்துற தண்ணி தூருக்கே பத்தல, அதான் மேலேயே கிடக்குது. மழையைத் திட்டு" என்றாள்.

சின்னசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எங்க முசிறிப் பக்கம் கடமான் கிடையாது மச்சான், எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அப்புஹாமி வந்து பார்த்துவிட்டுத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "லுணு, மாயாண்டி, லுணு! உப்பு! என் எருமையும் தீ வைச்சா சாம்பல் நக்கும். கோனாவும் நக்கும். மழை விழுந்தா சரியாப் போகும். நீ போய் விருந்து வச்சிருக்கே!"

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கல."

எங்கே போனாலும் எனக்கு இந்தப் பதில்தான்.

பாத்தியில் இறைத்த சாம்பலை எல்லாம் அள்ளி வெளியே போட முடியாது. கழுவி இறக்குகிற அளவுக்குத் தண்ணீர் சுமக்கவும் முடியாது. கடைசியில் ஒரு வழிதான் பிடிபட்டது. ஓடைத் தலைப்பில், தீ எட்டாத வேறொரு பள்ளம் இருந்தது. ஊற்று ஈரத்தில் கொஞ்சம் பச்சையும் மிஞ்சியிருந்தது. மச்சினன் கொண்டுவந்த மிச்சச் சாம்பலை எல்லாம் அவன் முதுகிலேயே ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொட்ட வைத்தேன். அப்புஹாமி எருமைக்கு வைத்திருந்த கல்லுப்பில் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதையும் கலந்தேன். பாத்திமேல், தோட்ட ஓரத்தில் அறுத்த காய்ந்த மானாப்புல்லை மூடாக்காகப் பரப்பி மிதித்துவிட்டேன்.

ஒரே நாளில் போய்விடவில்லை. கார்த்திகை பிறந்தபோது, என் பாத்தியில் காலடி குறைந்தது. பள்ளத்தில் சேறு முழுக்க குளம்புத் தடம். மறைந்திருந்து பார்த்தேன். அந்த மலையில் இத்தனை மரை இருக்கிறதா என்று மலைத்துப் போனேன். கிளைக்கொம்புக் கிடா, பெட்டை, குட்டி எல்லாம் ஒன்றை ஒன்று முட்டாமல் நின்று நக்கின.

தொரையின் கேள்வி

நத்தாருக்குச் சில வாரம் இருக்கும்போது தொரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் வேலுசாமி கங்காணி.

"மாயாண்டி, விருந்தாளிகளுக்கு எல்க் வேணும். பத்தனையில ஒண்ணும் காணோம். உன் தோட்டத்துக்கு வந்ததே, அதெல்லாம் எங்கே? நீ இடத்தைக் காட்டு. உன் காய் எப்படி இருந்தாலும் எடுத்துக்கறேன். வருஷம் பூரா எடுத்துக்கறேன்."

"சொல்லிடுடா" என்றார் கங்காணி. "ஒன் மூஞ்சிலயே எழுதியிருக்கு, தெரியும்னு."

எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வருஷம் முழுக்க! பெரட்டே வேண்டாம்! பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது. அந்தப் பள்ளத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தால் மிச்சம் உள்ளதெல்லாம் எங்கே ஓடும்? மலையில் வேறு பச்சை எங்கே இருக்கிறது?

"தெரியலிங்க தொரை. எங்கிட்டு போச்சோ" என்றேன்.

அன்றைக்குக் காம்பராவில் நடந்த சண்டையைச் சொன்னால் பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள். "வீட்டுக்கு வந்த லட்சுமியைக் காலால தள்ளிட்டியே! ஒனக்கு அந்த மரை மேல பாசம் வந்திருச்சு" என்றாள் செல்லாயி.

"பாசமா? எனக்கா? எம் பாசமெல்லாம் கோவா மேலதான்டி. ஒண்ணைச் சுட்டா பத்து இங்க வரும்."

"பாதியைத்தான் ஏற்கெனவே தின்னுருச்சே. இருக்கிற பாதியைக் கொண்டுபோய் நீட்டுனா தொரை வாங்குவாரா? கங்காணி சிரிக்கிற சிரிப்பை யாரு கேக்கறது?"

அவள் சொன்னது சரிதான்.

தொரை கறுத்த பத்தனை முழுக்க நாயோடு அலைந்து வெறுங்கையோடு வந்தார். 'தீயில் எல்க் எல்லாம் தீர்ந்துவிட்டது' என்று கிளப்பில் எல்லாரிடமும் சொன்னாராம். பண்டாரவளை வாசகரே, நீங்கள் சொல்கிற 'அந்தக் காலத்துத் தொரைமார்' பேச்சு இப்படித்தான் பிறந்தது! தீர்ந்துபோன அந்த எல்க் எல்லாம், அவர் சொன்ன அதே நாளில், கூப்பிடு தூரத்தில் உப்பு நக்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு தீ வைக்கக் கூடாது என்று கெடுபிடி செய்தார். இரண்டு வருஷம் புல் ஆள் உயரம் வளர்ந்து கிழடு தட்டியது. கிழட்டு மானாப்புல்லை எருமையே முகராது, மரையா தின்னும்? அது காட்டுக்குள் போய்விட்டது. உடனே கிராமத்தார், 'பார், தீ வைக்காததால் கோனா இல்லை' என்றார்கள். வெலிமடை வாசகரே, உங்கள் கதையும் வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் யாரோ தீ வைத்தார்கள். புரட்டாசி மழை சொன்னபடி பெய்தது. அந்த மார்கழியில் பத்தனையில் மரை குட்டியோடு மேய்ந்ததையும், கால் வைக்கிற இடமெல்லாம் காடை எழும்பியதையும் நானே பார்த்தேன். அதே தீ, அதே மலை. மழை வந்த வருஷம் ஒரு கதை, வராத வருஷம் இன்னொரு கதை. இப்போது மரை குறைந்திருக்கிறது என்றால், காட்டை வெட்டித் தேயிலை வைத்ததையும் ஆளுக்கொரு துப்பாக்கி வந்ததையும் பேசுங்கள். பாவம், தீக்குச்சியை மட்டும் ஏன் தூக்கில் தொங்கவிடுகிறீர்கள்?

மழை வந்த பிறகு

சரி, அந்த நத்தாருக்கு வருகிறேன்.

கார்த்திகை கடைசியில் மழை பிடித்தது. பிடித்தது என்றால், விடவில்லை. பத்தனையில் தளிர் முளைத்ததும் மரைகள் ஒரு நன்றிகூட இல்லாமல் மேலே போய்விட்டன. அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுநாள் காட்டுப்பன்றி இறங்கியது. வெயிலில் பாறையாக இருந்த மண் இளகிவிட்டது, உள்ளே புழு, கிழங்கு எல்லாம் கிடைக்கும். இந்தத் தடவை என் முள்வேலி தாங்கியது. பன்றி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே போயிற்று. எங்கே போயிற்று என்று நான் கவலைப்படவில்லை.

நத்தாருக்கு முன்னால் நானும் செல்லாயியும் இருந்த கோவாவை எல்லாம் கூடையில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு பங்களாப் பின்வாசலுக்குப் போனோம். சொன்னதில் பாதிதான். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. வேலுசாமி கங்காணி அங்கேயே நின்றார், வேடிக்கை பார்க்கவென்றே வந்தவர்போல.

"இம்புட்டுத்தானா? நாளைக்குப் பெரட்டுல முன்வரிசை ஒனக்குத்தான்" என்றார்.

பங்களா அப்பு வெளியே வந்தார். கூடையைப் பார்த்தார். இரண்டு கூடையையும் உள்ளே இழுத்தார்.

"என்ன அப்பு, தொரைகிட்டக் காட்ட வேணாமா? பூஞ்சைக் காய்" என்றார் கங்காணி.

"காட்டுறதாவது! பங்களாத் தோட்டத்தை ராத்திரியோட ராத்திரியாப் பன்றி உழுதிட்டுப் போயிருச்சு. ஒரு கரட்டுகூட மிச்சமில்ல. விருந்தாளி பத்துப் பேரு உள்ள உக்காந்திருக்கான். மாயாண்டி, பொங்கலுக்கும் இதே மாதிரி கொண்டு வருவியா? தொரை கேக்கச் சொன்னாரு."

கங்காணியின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சாவதற்குள் இன்னொரு தடவை பார்க்க ஆசை, ஆனால் அவர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கொண்டு வர்றேன்" என்றேன். பிறகு கங்காணியைப் பார்த்து, "ஐயா, நாளைப் பெரட்டுல எம் பேரை வெட்டச் சொல்லிடுங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். நாலடி போயிருக்கமாட்டார்.

"எம் பேரையும் சேத்து வெட்டச் சொல்லுங்க" என்றாள் செல்லாயி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாளா? ராத்திரி படுத்தபோதாவது சொன்னாளா? பாதி விளைச்சலையே பன்றி தயவில் விற்றிருக்கிறோம். அவள் கூலியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது!

கங்காணி திரும்பினார். அவருக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. "ஒம் பேரை வெட்டுனா காம்பராவை விடணும், தெரியுமில்ல? மழை கொட்டுது. எங்கடி படுப்பீங்க?"

"அப்புஹாமி நிலத்துல குடிசை இருக்கு."

"அந்தக் காவக்குடிசையா? அதுக்கு மேல வானந்தான் இருக்கு. கூரைக்கு என்ன பண்ணுவ?"

செல்லாயி கையை நீட்டி மலையைக் காட்டினாள். "பத்தனையில புல்லு வளந்துக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். முளைத்திருந்த புல் விரல் நீளம்கூட இல்லை.